இதயத்துக்குக் கிடைக்கும் சிறு அவகாசம்

 

ஒரு தாய் மாவிடித்துக்கொண்டோ, கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டோ இருக்கிறார். திடீரென்று நெஞ்சு இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. திண்ணையில் குந்திக்கொள்கிறார். ஐந்து நிமிடத்தில் நோவு போய்விடுகிறது. "வாய்வுதான்" என்று சொல்லி, ஓர் இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு விட்ட வேலையைத் தொடர்கிறார். வீட்டில் ஒருவருக்கும் சொல்வதுமில்லை. இப்படிப்பட்ட தாய்மார் இல்லாத தெரு உண்டா?

அந்த ஐந்து நிமிடத்தில் இதயத்துக்குள் என்ன நடந்திருக்கலாம்? விஞ்ஞானம் இதற்குச் சொல்லும் விடை ஆச்சரியமானது. சிறிது நேரம் ஒட்சிசன் இல்லாமல் தவித்து மீண்ட இதயத்தசை, அடுத்து வரக்கூடிய பெரிய அடைப்பைத் தாங்க ஓரளவு வலுப்பெற்றுவிடுகிறது என்பதே அந்த விடை.

இதைக் கேட்டதும், "அப்படியானால் நோவு வந்து போவது நல்லதுதானே?" என்று யாராவது எண்ணிவிடலாம். அந்த எண்ணம் உயிரைப் பறித்துவிடும். இந்தப் பாதுகாப்பு எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது கைவிட்டுவிடுகிறது என்பதை அறிந்துகொண்டால், நெஞ்சு நோவு வந்து போன பின் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். ஆகவே, கொஞ்சம் பொறுமையோடு வாசியுங்கள்.

இதயத்தின் உணவு எங்கிருந்து வருகிறது?

இதயம் எப்போதும் குருதியால் நிறைந்திருக்கிறது. ஆகவே அதற்கு உணவுக்கும் ஒட்சிசனுக்கும் என்ன குறை என்று நினைக்கத் தோன்றும். மருத்துவ மேதை இப்னு சீனாவும், இதயத்தின் அறைக்குள் இருக்கும் குருதியே இதயத்துக்கு உணவாகிறது என்றுதான் கருதினார். அவருடைய 'அல்கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242 இல் விளக்கவுரை எழுதிய இப்னுந் நபீஸ் இதை மறுத்தார். இதயத்தின் உடலுக்குள் ஊடுருவிச் செல்லும் குழாய்களின் வழியே வரும் குருதிதான் அதற்கு உணவளிக்கிறது என்று அவர் எழுதினார். டமஸ்கஸில் மருத்துவம் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, 1288 இல் மறைந்தவர் அவர். அரபுக் கல்லூரியில் படித்த எங்களுக்கு அவருடைய பெயர் ஒரு பெருமை; அவர் சொன்ன உண்மையோ எல்லோருக்கும் பொது.

அக்குழாய்களை இன்று முடியுரு நாடிகள் என்கிறோம். இதயத்தின் மேல் கிரீடம் போல் படர்ந்திருப்பதால் இந்தப் பெயர். நாம் ஓய்வாக இருக்கும்போதே, இந்நாடிகளில் வரும் ஒட்சிசனில் நூற்றுக்கு எழுபது பங்களவை இதயத்தசை எடுத்துக்கொண்டுவிடுகிறது. மற்ற உறுப்புகளுக்கு இருக்கும் தாராளம் இதயத்துக்கு இல்லை. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கும் அதன் சேமிப்பிலுள்ள சக்தி சில விநாடிகளுக்கு மேல் போதாது. அன்றாடம் உழைத்து அன்றாடம் அடுப்பெரிக்கும் வீட்டைப் போன்றது அது. நாடியில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கினால் உழைக்கும் நேரத்தில் நெஞ்சு நோகும். வழி முழுவதும் அடைபட்டு, அடைப்பு நீங்காமல் நின்றால் அது மாரடைப்பு.

1986 இல் கண்ட புதுமை

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் மரி, ரொபர்ட் ஜெனிங்ஸ், கீத் ரைமர் என்ற மூவர் 1986 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாய்களின் முடியுரு நாடி ஒன்றை 40 நிமிடம் அடைத்து வைத்துத் திறந்தால், தசையில் ஒரு பகுதி செத்துவிடும். வேறு சில நாய்களுக்கு அந்த 40 நிமிட அடைப்புக்கு முன்னரே நாடியை 5 நிமிடம் அடைத்தார்கள், 5 நிமிடம் திறந்தார்கள். இப்படி நான்கு தடவை செய்தார்கள். அதன் பின்னர் அதே 40 நிமிட அடைப்பு.

ஏற்கெனவே நான்கு தடவை மூச்சுத் திணறிய தசை இன்னும் அதிகமாகச் சாகும் என்றுதானே எவரும் எண்ணுவார்? நடந்தது நேர்மாறு. முன்பழக்கம் பெற்ற இதயங்களில் செத்த தசையின் அளவு, மற்றவற்றில் செத்ததன் கால்பங்குதான்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நாடியை 40 நிமிடத்துக்குப் பதிலாக 3 மணித்தியாலம் அடைத்து வைத்தபோது, அந்த முன்பழக்கத்தால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. தசை செத்தே போனது. இந்த இரண்டாவது முடிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் சாரமே அதில்தான் இருக்கிறது.

கேத்தலில் படியும் வெண்மை

தசையைச் சாகடிப்பது எது? ஒட்சிசன் இல்லாமை என்பது பாதி விடைதான். மீதி விடை கல்சியத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணக் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைத் தேய்த்துத் தேய்த்து உங்கள் கை ஓய்ந்திருக்கும். நம் மண்ணுக்கு அடியிலுள்ள சுண்ணக்கல்லிலிருந்து நீரில் கரைந்து வரும் கல்சியத்தின் வேலை அது. இலண்டனில் சிட்னி றிங்கர் என்ற வைத்தியர், வெளியில் எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்துகொண்டிருந்தார். பின்னர்தான், அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அல்லாமல் குழாய்த் தண்ணீரில் கரைக்கப்பட்டது என்பது தெரியவந்தது. சுத்தமான நீரில் கரைத்தபோது துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கல்சியமே இதயத்தை இயக்கியது என்று 1883 இல் அவர் எழுதினார். வைத்தியசாலைகளில் ஏற்றும் சேலைன்களில் ஒன்று இன்றும் அவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது.

(கிணற்று நீரைக் குடிப்பதால் இதயத்துக்குக் கல்சியம் கூடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். குருதியில் இருக்க வேண்டிய கல்சியத்தின் அளவை உடல் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது.)

இதயத்தசையின் ஒவ்வொரு கலத்துக்கும் வெளியே கல்சியம் மிகுதியாக இருக்கிறது; உள்ளே அதன் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கலத்துக்குள் ஒரு கல்சியக் களஞ்சியமும் உண்டு. துடிக்கும் வேளையில் வெளிவாசல் திறந்து கொஞ்சம் கல்சியம் உள்ளே வருகிறது. அது தூண்ட, களஞ்சியம் திறந்து இன்னும் அதிகமாகக் கல்சியம் வெளிப்படுகிறது. உடனே தசை சுருங்குகிறது. அடுத்த கணம் கல்சியம் முழுவதையும் களஞ்சியத்துக்குள்ளும் கலத்துக்கு வெளியேயும் திருப்பி அனுப்ப வேண்டும். அப்போதுதான் தசை தளரும்.

வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். மடையைத் திறந்து பாத்திக்குத் தண்ணீர் விடுவார்கள். நிறைந்ததும் மடையைக் கட்டுவார்கள். திறப்பதும் வேண்டும், கட்டுவதும் வேண்டும். கட்டாமல் விட்டால் பயிர் அழுகிவிடும். இதயக் கலத்தில் மடையைக் கட்டுவதற்குத்தான் சக்தி அதிகம் தேவைப்படுகிறது. அந்தச் சக்தியை ஆக்கித் தருபவை இழைமணிகள். அவற்றைக் கலத்தின் அடுப்பு என்று சொல்லலாம்.

மடை உடைந்தால்...

நாடி அடைபட்டதும் இழைமணிகள் அணைகின்றன. ஒட்சிசன் இல்லாமல் சக்தி தேட முயலும் கலத்தில் அமிலம் சேருகிறது. அமிலத்தை வெளியே தள்ளுவதற்காகக் கலம் சோடியத்தை உள்ளே எடுக்கிறது. சோடியம் நிறைந்ததும், வழக்கமாகக் கல்சியத்தை வெளியேற்றும் மாற்று வாசல் தலைகீழாக இயங்கி, கல்சியத்தை உள்ளே கொண்டுவருகிறது. களஞ்சியத்துக்குள் அதை அள்ளிப்போடும் பம்பும் சக்தியின்றித் தளர்ந்து கிடக்கிறது.

இந்த நிலையில் அடைப்பு நீங்கிக் குருதி திரும்புகிறது. திரும்பத்தான் வேண்டும், திரும்பாவிட்டால் தசைக்கு வாழ்வே இல்லை. ஆனால் திரும்பும் முதல் சில நிமிடங்களில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒட்சிசன் கிடைத்ததும் இழைமணிகள் விழித்துக்கொண்டு, சுற்றியிருக்கும் கல்சியத்தை அளவுக்கு மீறி விழுங்குகின்றன. அதனால் அவற்றின் சுவரில் ஒரு பெரிய துவாரம் திறக்கிறது. அது திறந்தால் இழைமணி வீங்கி உடைகிறது. அதே நேரத்தில், மிதமிஞ்சிய கல்சியத்தால் தசை இழுத்துச் சுருங்கி, தளர முடியாமல் கிழிகிறது. கலம் செத்துவிடுகிறது. ஒரு தடவை செத்த இதயத்தசை மீண்டும் முளைப்பதில்லை. அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும்.

சிறு தவிப்பு என்ன செய்கிறது?

இனி முன்பழக்கத்துக்கு வருவோம். சில நிமிடங்கள் மட்டும் ஒட்சிசன் குறையும்போது கலம் சாவதில்லை. ஆனால் அடினோசின் முதலான சில பொருள்களை வெளியே விடுகிறது. அவை கலத்தின் சுவரிலுள்ள வாங்கிகளைத் தட்டுகின்றன. உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தை எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, செய்தி இழைமணியைச் சென்றடைகிறது. "ஆபத்து வரலாம், அந்தத் துவாரத்தை இலகுவில் திறக்காதே" என்பதுதான் செய்தி. கலம் தன் சக்திச் செலவையும் குறைத்துக்கொள்கிறது. ஆகவே பெரிய அடைப்பு வரும்போது சக்தி மெதுவாகத் தீர்கிறது. அமிலம் குறைவாகச் சேருகிறது. கல்சியம் மெதுவாக ஏறுகிறது. குருதி திரும்பும்போதும் இழைமணிகள் தாக்குப்பிடிக்கின்றன.

ஒட்சிசன் குறைந்த காற்றை நாளுக்குச் சில மணித்தியாலம் வீதம் பல நாள்கள் சுவாசிக்க வைத்த எலிகளிலும் இதைப் போன்ற நன்மை காணப்பட்டிருக்கிறது. அவற்றின் இதயக் கலங்களில் களஞ்சியப் பம்பும் மாற்று வாசலும் பின்னர் வந்த அடைப்பில் அவ்வளவாகச் சீர்குலையவில்லை. கல்சியம் கட்டுக்குள் நின்றது. மடையைக் கட்டும் ஆளின் கை தளரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மலையிலும் கடலிலும்

மனிதர்களிடம் இதற்கு ஏதும் அடையாளம் உண்டா? இந்திய இராணுவ வைத்தியர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1977 இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1965 முதல் 1972 வரை, இமயமலையில் 3,692 மீற்றருக்கும் 5,538 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரங்களில், ஒட்சிசன் குறைந்த காற்றில் பணியாற்றிய 20,000 படைவீரர்களையும் சமவெளியில் இருந்த 130,700 வீரர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மலையில் இருந்தவர்களிடம் முடியுரு நாடி நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் மலைக்கு அனுப்பப்படுவோர் உடற்பரிசோதனையில் தேறியவர்கள்; அவர்கள் வாழும் முறையும் வேறு. ஆகவே எல்லாப் புகழையும் மெல்லிய காற்றுக்கே கொடுத்துவிட முடியாது. மேலும், ஆயத்தமில்லாமல் அத்தகைய உயரத்துக்கு ஏறுபவரின் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

"நம் கடலில் சங்கு குளிப்பவர்கள் மூச்சை அடக்குகிறார்களே, நாமும் மூச்சடக்கிப் பழகலாமா?" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். மூச்சை அடக்கும்போது குருதியில் ஒட்சிசன் குறைகிறதே தவிர, குருதியோட்டம் நிற்பதில்லை. மரியின் ஆய்வில் நின்றது குருதியோட்டம். ஒன்றை மற்றதாக எண்ணிக்கொண்டு வீட்டில் சோதனை செய்வது அறிவல்ல. நாடி ஏற்கெனவே ஒடுங்கியவருக்கு மூச்சடக்குவதே ஆபத்தாகலாம்.

கையில் கட்டிய பட்டி

வைத்தியர்கள் இதை மருந்தாக்க முயலாமல் இருக்கவில்லை. கையிலோ காலிலோ குருதியோட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தினாலும் அதன் செய்தி இதயத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்தது. பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் கட்டி, 5 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்தி, நான்கு தடவை செய்வார்கள். டென்மார்க்கில் மாரடைப்பு நோயாளிகளுக்கு அம்புலன்ஸில் வைத்தே இப்படிச் செய்து பார்த்தார்கள். காப்பாற்றப்பட்ட தசையின் அளவு கூடியது என்று 2010 இல் அறிவித்தார்கள். உலகமே எதிர்பார்ப்போடு நோக்கியது.

ஆனால் பெரிய ஆய்வுகள் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. இதய சத்திரசிகிச்சை நோயாளிகளிடம் நடத்தி 2015 இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் பயன் காணப்படவில்லை. மாரடைப்பு நோயாளிகள் 5,000 பேருக்கு மேல் பங்குபற்றி 2019 இல் வெளியான ஆய்விலும், பட்டி கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் மரணத்திலோ இதயம் பலவீனமாவதிலோ வேறுபாடு இல்லை. ஆய்வுகூடத்து விலங்கு இளமையானது, வேறு நோயற்றது. நம் வீட்டு நோயாளியோ வயதானவர்; சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர். முதுமையும் சீனி வருத்தமும் இந்த இயற்கைப் பாதுகாப்பை மழுங்கச் செய்கின்றன என்பது தெரிந்த விடயம். ஆகவே யாராவது கைப்பட்டி கட்டி மாரடைப்பைத் தடுக்கலாம் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அவகாசம் எவ்வளவு?

முன்பழக்கத்தால் வரும் பாதுகாப்பு ஓரிரு மணித்தியாலத்தில் மறைந்துவிடுகிறது. ஏறத்தாழ ஒரு நாள் கழித்து அது மெலிந்த வடிவில் திரும்பி வந்து, மூன்று நாள் வரை நிற்கும் என்று 1993 இல் கண்டறிந்தார்கள். புதிதாக உருவாகும் சில புரதங்கள் அதற்குக் காரணம். அதன் பின்னர் அதுவும் இல்லை.

மாரடைப்புக்கு முந்திய நாளில் நெஞ்சு நோவு வந்து போனவர்களுக்குச் செத்த தசை சராசரியாகக் குறைவு என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். அந்த ஆய்வுகளில் இருந்த அத்தனை பேருக்கும் மாரடைப்பு வந்துதானே இருந்தது! முதல் நோவு அதைத் தடுக்கவில்லை. அது வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றே வைத்தியரிடம் போயிருந்தால் சிலருக்காவது அதைத் தடுத்திருக்கலாம்.

முன்பழக்கம் தசையின் சாவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். 40 நிமிடத்தில் தசையைக் காத்த அதே பாதுகாப்பு 3 மணித்தியாலத்தில் ஒன்றுமில்லாமற் போனதை மேலே பார்த்தோம். இடைப்பட்ட நேரத்துக்குள் யாராவது அடைப்பை நீக்க வேண்டும். அதை வைத்தியசாலையில்தான் செய்ய முடியும்: ஒன்றில், கட்டியைக் கரைக்கும் ஊசி, அல்லது நாடிக்குள் குழாய் செலுத்தி வழி திறத்தல்.

நாம் செய்ய வேண்டியது

நமக்கு இந்த எச்சரிக்கை மற்றவர்களைவிட அதிகம் தேவை. கேரளத்தில் பிறந்த வைத்தியர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் இலங்கையும் இருந்தது. அதன் தரவுகளிலிருந்து 2007 இல் வெளியான கணக்கின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 59. பெண்களுக்கு ஆண்களைவிடப் பிந்தியே வருகிறது. ஆனால் வராமல் விடுவதில்லை.

பெண்களுக்கு நெஞ்சு நோவோடு, அல்லது அது இல்லாமலேயே, தாடை, முதுகு, தோள், கை ஆகியவற்றில் நோவு, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணமில்லாத பெருங்களைப்பு ஆகியவை வரலாம். சீனி வருத்தம் உள்ளவருக்கு நோவே தெரியாமலும் போகலாம். ஓய்வெடுத்தும் சில நிமிடத்தில் நீங்காவிட்டால், அது வாய்வா இல்லையா என்று வீட்டிலிருந்து தீர்மானிக்க முயலாதீர்கள்.

1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நமக்கு அந்த எண், ஒக்டோபர் மாதத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஆண்டை நினைவூட்டுகிறது. இன்று அதே எண் உயிர்காக்கும் அழைப்பாக இருக்கிறது. 'சுவசெரிய' எனும் இந்த இலவச அம்புலன்ஸ் சேவை, இந்திய அரசின் உதவியோடு 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் வந்தது. இந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள். நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களில் இருப்போர் படகுக்காகக் காத்திருக்காமல், முதலில் தீவிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். கடல் கடக்கும் நேரமும் இதயத்தின் கணக்கில்தான் சேர்கிறது.

நோவு வந்து தானாகவே போய்விட்டதா? முதல் தடவையாக வந்ததென்றால், அல்லது முன்பைவிட அடிக்கடி, குறைந்த வேலைக்கே வருகிறதென்றால், அன்றைக்கே வைத்தியரைக் காணுங்கள். ஈசீஜீ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

கடைசியாக, ஒரு மௌலவி என்ற முறையிலும் இரண்டு வார்த்தை. "அவர் கடையால் வரட்டும்", "மகன் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்" என்று நமது பெண்கள் காத்திருப்பதைக் காண்கிறோம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் யாருடைய வரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நோன்பு நாளில் நோவு வந்தாலும் இப்தார் வரை பொறுத்திருக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது; விட்ட நோன்பைச் சுகமான பின் களாச் செய்துகொள்ளலாம். ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டில் ஒரு பெண் "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் அதை முறைப்பாடாக எண்ணாதீர்கள், எழும்பி வாகனத்துக்கு வழி பாருங்கள்.

இறைவன் இதயத்துக்குள் ஒரு சிறு அவகாசத்தை வைத்திருக்கிறான். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதற்கு அந்த நேரம் போதும்; வீட்டில் இருந்து யோசிப்பதற்குப் போதாது.